ஊசிக்கும் இயந்திரத்துக்கும் இடையில்: பாமசியில் இரத்தம் எடுப்பதும் இலங்கைச் சட்டமும்

திருகோணமலை மாவட்டத்தின் தென்கோடியில், வெருகல் பிரதேச செயலாளர் பிரிவில், களப்பு கடலோடு கலக்கும் இடத்தில் இலங்கைத்துறை முகத்துவாரம் இருக்கிறது. அங்குள்ளவருக்கு வருத்தம் வந்தால் முதலில் ஈச்சிலம்பற்று வைத்தியசாலை. அதற்கு மேல் வேண்டுமானால் மூதூர் ஆதார வைத்தியசாலை. அதற்கும் மேல் என்றால் திருகோணமலைப் பட்டினத்துப் பெரியாஸ்பத்திரி. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை பட்டினப் பயணம் மிதவைப் பாதையையும் கொட்டியாரக் குடாவைக் கடக்கும் படகையும் நம்பியிருந்தது. இப்போது வீதி நன்றாக இருக்கிறது. ஆனாலும் "சாப்பிடாமல் வந்து இரத்தம் கொடுங்கோ" என்று கிளினிக்கில் சொல்லிவிட்டால் விடியற்காலை பஸ், ஆய்வுகூட வரிசை, முடிவை வாங்க மறுபடியும் பயணம் என்று கூலிக்குப் போகும் ஒருவருக்கு உழைப்பு நாட்கள் போய்விடுகின்றன. சீனி, கொலஸ்ட்ரோல், கிரியேற்றினின் மூன்றையும் பார்க்கச் சொல்லி எழுதிய துண்டு பல வீடுகளில் மாதக்கணக்கில் சட்டைப் பையிலேயே கிடப்பதற்கு இதுதான் காரணம்.

இந்த இடைவெளியில்தான் பாமசி வருகிறது. மருந்து வாங்கப் போகிற இடத்திலேயே இரத்தத்தையும் கொடுத்துவிட்டால் என்ன என்ற கேள்வி நாடெங்கும் இயல்பாக எழுகிறது. அது இரண்டு வடிவங்களில் நடக்கிறது. ஒன்று, விரல் நுனியைக் குத்தி ஒரு சொட்டு எடுத்து, குளுக்கோமீற்றரில் சீனியைப் பார்த்துச் சொல்வது. மற்றது, கைநாளத்தில் ஊசி ஏற்றி, குழாய்களில் இரத்தம் எடுத்து, தொலைவிலுள்ள ஆய்வுகூடத்துக்கு அனுப்புவது. பேச்சில் இரண்டும் "பிளட் எடுக்கிறது"தான். சட்டத்தின் கண்ணிலும் மருத்துவத்தின் கண்ணிலும் இவை வெவ்வேறு செயல்கள். எனக்குக் கவலை தருவது இரண்டாவது.

மருந்தாளர் யார், அவருக்குச் சட்டம் எதை ஒப்படைத்திருக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். 1927ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க மருத்துவக் கட்டளைச் சட்டமே இன்றும் அடித்தளம். மருத்துவர், பல் வைத்தியர், மருத்துவிச்சி, மருந்தாளர் ஆகியோரின் பதிவு இச்சட்டத்தின்கீழ் இலங்கை மருத்துவ சபையிடம் இருக்கிறது. மருத்துவத்துக்குத் துணையான தொழில்கள் என்ற வகுப்பில் மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளரும் அங்கேயே பதிவு பெறுகிறார். மருந்தாளர் பதிவுக்கு இரண்டு வழிகள் உண்டு. யாழ்ப்பாணம், பேராதனை உள்ளிட்ட பல்கலைக்கழகங்களின் மருந்தியல் பட்டம் ஒன்று. பயிலுநராக வேலை பழகி, இலங்கை மருத்துவக் கல்லூரிச் சபையின் பரீட்சையில் தேறிச் சான்றிதழ் பெறுவது மற்றது. இரண்டு வழியிலும் அவர் கற்பது மருந்தை: அளவு, சேர்மானம், ஒன்றோடொன்று மோதும் மருந்துகள், களஞ்சியப்படுத்தல், நஞ்சுகள். பதிவு அவருக்குத் தரும் உரிமையும் அதுவே. பதிவு பெற்ற மருத்துவர் அல்லாதவர் பணத்துக்காக மருத்துவம் பார்ப்பதை இதே சட்டம் தடை செய்கிறது. நாளத்தில் ஊசி ஏற்றுவது மருந்தாளரின் வேலை என்று இச்சட்டத்தை எப்படிப் படித்தாலும் வராது.

இரண்டாவது சட்டம் கடையைப் பற்றியது. 1980ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க அழகுசாதனப் பொருட்கள், சாதனங்கள், மருந்துகள் சட்டத்துக்குப் பதிலாக 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையை உருவாக்கியது. பாமசிக்கு அனுமதிப்பத்திரம் தருவது இந்த அதிகாரசபை. பதிவு பெற்ற மருந்தாளர் இல்லாமல் பாமசி நடத்த முடியாது. குளுக்கோமீற்றர், அதன் பட்டிகள், இரத்தக் குழாய்கள், ஊசிகள் எல்லாம் மருத்துவச் சாதனங்கள் என்பதால் அவையும் அதிகாரசபையில் பதிவாகியிருக்க வேண்டும். ஆக, கடைக்காரர் ஊசியை விற்கலாம், குழாயை விற்கலாம். விற்கும் அனுமதி, வாங்கியவரின் கையில் அதை ஏற்றும் அனுமதியாக மாறுவதில்லை. சுவரில் தொங்கும் அனுமதிப்பத்திரத்தைப் பார்த்து "எல்லாவற்றுக்கும் லைசென்ஸ் இருக்கு" என்று நோயாளி நம்புகிறார். அந்த நம்பிக்கைக்குச் சட்டத்தில் ஆதாரமில்லை.

மூன்றாவது சட்டத்தில்தான் இந்த விவகாரத்தின் முடிச்சு இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டம் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் பேரவையை நிறுவியது. தனியார் மருத்துவ நிறுவனம் எதுவும் பதிவின்றி இயங்கக்கூடாது என்கிறது. மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு அப்பதிவில் முக்கிய இடம் தருகிறது. எவை இந்த வலைக்குள் வரும்? வைத்தியசாலை, தாதியர் இல்லம், மகப்பேற்று இல்லம், மருத்துவ ஆய்வுகூடம், இரத்த வங்கி, பற்சிகிச்சை நிலையம், மருத்துவ ஆலோசனை அறை என்று பட்டியல் போகிறது. சுகாதாரப் பரிசோதனைச் சேவை வழங்கும் எந்த நிலையமும் அதற்குள் வரும். எவை வராது என்பதையும் அதே விளக்கப் பிரிவு சொல்கிறது. மருந்துகளை வழங்குவதற்கும் விற்பதற்கும் மாத்திரமே பயன்படும் பாமசி இச்சட்டத்துக்கு வெளியே நிற்கிறது.

'மாத்திரமே' என்ற நிபந்தனையைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. பாமசி பேரவையில் பதிய வேண்டியதில்லை என்ற பொது எண்ணம் இந்த விலக்கிலிருந்து பிறந்தது. ஆனால் விலக்கு மருந்து விற்பதோடு நிற்கும் கடைக்குத்தான். பின்னறையில் ஒரு கதிரையும் கைப்பட்டியும் குழாய்ப் பெட்டியும் வைத்த அன்றே அந்தக் கடை விலக்கின் நிழலைவிட்டு வெளியேறிவிடுகிறது என்பதே என் வாசிப்பு. அதன்பிறகு அது ஆய்வுகூடத்தின் ஒரு கிளையாகவோ சுகாதாரப் பரிசோதனை நிலையமாகவோ தனியாகப் பதிவு பெற வேண்டும். காலையில் மட்டும், வாரத்தில் ஒரு நாள் மட்டும், வெளியிலிருந்து ஒரு தாதி வந்து எடுக்கிறார் என்ற சமாதானங்கள் இங்கே உதவா. இடம் எதற்குப் பயன்படுகிறது என்பதைத்தான் சட்டம் கேட்கிறது. எத்தனை மணிநேரம் பயன்படுகிறது என்று கேட்கவில்லை. கொழும்பின் பெரிய தனியார் ஆய்வுகூடங்கள் நாடெங்கும் வைத்திருக்கும் சேகரிப்பு நிலையங்களையும் இதே கண்ணால்தான் பார்க்க வேண்டும். அவை ஆய்வுகூடத்தின் நீட்சி. ஒரு பாமசிக்குள் மேசை போட்டிருப்பதால் அந்த நீட்சி அறுந்துவிடாது.

இவ்வளவும் சொன்ன பிறகும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. மருத்துவக் கட்டளைச் சட்டம் ஆளைப் பதிகிறது. 2015ஆம் ஆண்டுச் சட்டம் பொருளையும் கடையையும் பதிகிறது. 2006ஆம் ஆண்டுச் சட்டம் நிறுவனத்தைப் பதிகிறது. ஊசியிலிருந்து இயந்திரம்வரை குழாய் போகும் வழியை எந்தச் சட்டம் பார்க்கிறது? வெருகலில் எடுத்த இரத்தம் பட்டினத்துக்கோ, 250 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள கொழும்புக்கோ போய்ச் சேரும்வரை அது யாருடைய பொறுப்பில் இருக்கிறது?

இது சட்ட நுணுக்கத்தை விரும்புபவர்களின் கேள்வி மாத்திரமல்ல. இரத்தம் குழாய்க்குள் போன பிறகும் உயிரோடுதான் இருக்கிறது. செங்குழியங்கள் தொடர்ந்து குளுக்கோசைத் தின்னும். குருதிநீரைப் பிரிக்காமல் அறை வெப்பத்தில் வைத்தால் மணிக்கு ஏறத்தாழ 5 முதல் 7 சதவீதம் சீனி குறைகிறது. வெப்பம் கூடினால் இன்னும் வேகமாக. வெறும் வயிற்றில் டெசிலீற்றருக்கு 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ என்பது நீரிழிவைக் குறிக்கும் எல்லை. காலை 7 மணிக்கு 140 இருந்த ஒருவரின் இரத்தம் மூன்று மணிநேரம் கழித்து இயந்திரத்துக்குப் போனால், மணிக்கு 5 சதவீதம் என்று குறைவாகக் கணக்கிட்டாலே 120 ஆகிவிடும். நோய் இருக்கிறது, தாளில் இல்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலைக் கரையில் ஒரு பஸ்ஸின் டாஷ்போர்டு எவ்வளவு சுடும் என்பது அங்கே பயணித்தவர்களுக்குத் தெரியும். புளோரைட்டு கலந்த சாம்பல்மூடிக் குழாய் இந்த இழப்பைக் குறைக்கவே இருக்கிறது. ஆனால் அதுவும் முதல் ஓரிரு மணிநேரத்தில் முழுப் பலன் தராது.

அப்படியானால் ஐஸ் பெட்டியில் வைத்தால் தீர்ந்துவிடுமா? குளுக்கோசுக்கு அது உதவும். பொட்டாசியத்துக்குக் கெடுதல் செய்யும். குளிரில் செங்குழியத்தின் சுவரிலுள்ள பம்புகள் சோர்ந்து, உள்ளே இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியே கசிகிறது. சிறுநீரக நோயாளி ஒருவரின் பொட்டாசியம் பொய்யாக உயர்ந்து தெரிந்தால், இல்லாத ஆபத்துக்கு வைத்தியம் நடக்கும். மெல்லிய ஊசியால் வேகமாக இழுத்தாலோ குழாயைக் குலுக்கினாலோ செங்குழியங்கள் உடைந்து அதே பொய்யைச் சொல்லும். ஊதாமூடிக் குழாயிலுள்ள இ.டி.டி.ஏ. உப்பில் பொட்டாசியம் உண்டு. அந்தக் குழாயை முதலில் நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போனால் ஒரு சொட்டுக் கலப்பே பொட்டாசியத்தை ஏற்றி, கல்சியத்தை இறக்கிக் காட்டப் போதும். குழாய்களுக்கு வரிசை ஒழுங்கு இருப்பது இதனால்தான். கைப்பட்டியை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கி வைக்கக்கூடாது என்பதும் இந்த வகை விதியே. உலக சுகாதார நிறுவனம் 2010இல் இரத்தம் எடுப்பதற்கான வழிகாட்டி நூல் ஒன்றையே வெளியிட்டது. ஆய்வுகூடத் தவறுகளில் பெரும்பங்கு இரத்தம் இயந்திரத்தைத் தொடுவதற்கு முன்பே நேர்கிறது என்பதை இத்துறையின் ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியிருக்கின்றன.

திருகோணமலை மாவட்டத்துக்கு இது ஏட்டுச் சங்கதியல்ல. 2017 மார்ச்சில் கிண்ணியாவில் டெங்கு கொடூரமாகப் பரவியது. உயிர்கள் போயின, பாடசாலைகள் மூடப்பட்டன. அந்த ஆண்டு நாடு முழுவதும் 1,86,101 பேர் டெங்குச் சந்தேக நோயாளிகளாகப் பதிவானார்கள். டெங்கு வைத்தியத்தின் முதுகெலும்பு அடுத்தடுத்து எடுக்கும் முழு இரத்த எண்ணிக்கை. செங்குழியக் கன அளவு ஏறுகிறதா, குருதிச் சிறுதட்டுகள் இறங்குகின்றனவா என்று மணிக்கணக்கில் பார்த்துத்தான் நீர் ஏற்றும் அளவை மருத்துவர் தீர்மானிக்கிறார். குழாயை மெதுவாகத் தலைகீழாகப் புரட்டிக் கலக்காமல் விட்டால் உள்ளே சிறு உறைவு உண்டாகும். அந்த உறைவில் சிறுதட்டுகள் சிக்கிக்கொள்ள, இயந்திரம் குறைந்த எண்ணிக்கையைத் தரும். காய்ச்சலோடு இருக்கும் பிள்ளையின் பெற்றோர் அந்த எண்ணைப் பார்த்துப் பதறுவார்கள். இதற்கு நேர்மாறான தவறும் நேரலாம். அது இன்னும் கொடியது.

அந்த ஆண்டு அரசு ஒரு காரியம் செய்தது. தனியார் துறையில் முழு இரத்த எண்ணிக்கைக்கு 250 ரூபாயும் டெங்கு அன்ரிஜன் பரிசோதனைக்கு 1,000 ரூபாயும் உச்ச விலை என வர்த்தமானியில் அறிவித்தது. நல்ல நடவடிக்கை, ஏழைகளின் தலைமீது ஏறிய சுமை ஓரளவு இறங்கியது. அதே வர்த்தமானியின் வேகத்தில், இரத்தம் எடுத்த நேரமும் ஆய்வுகூடத்தில் பெற்ற நேரமும் முடிவுத்தாளில் இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். செலவே இல்லாத வரி அது. விலையைக் கட்டுப்படுத்த முடிந்த அரசால் நேரத்தைக் கேட்கவும் முடியும்.

மாவட்டத்தின் வடமேற்கில் பதவி ஸ்ரீபுரவில் காரணம் அறியப்படாத சிறுநீரக நோய் குடும்பங்களைத் தின்றுகொண்டிருக்கிறது. அங்கே கிரியேற்றினின் எண் ஒன்றுதான் ஒரு விவசாயியின் அடுத்த ஐந்தாண்டைத் தீர்மானிக்கிறது. இத்தகைய இடங்களில் பரிசோதனை வாசலுக்கு வர வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2005–06இல் நடந்த தேசிய ஆய்வு வளர்ந்தோரில் 10.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு எனக் கண்டது. அதன்பின் நிலைமை மோசமாகியிருக்கிறது. 2011இல் தொடங்கிய ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் அரசு வைத்தியசாலைகளில் இலவசமாகச் சீனியும் பிரஷரும் பார்க்கின்றன. ஆனால் வேலைக்குப் போகும் ஆண்கள் அங்கே போதிய அளவில் வருவதில்லை என்பது அந்தத் திட்டத்தின் தீராத குறை. அவர்கள் பாமசிக்கு வருகிறார்கள். ஆகவே பாமசியை இந்தக் கதையிலிருந்து விலக்குவதை நான் ஆதரிக்கவில்லை.

விரல் குத்துவதற்கும் நாளத்தில் எடுப்பதற்கும் இடையே கோடு கிழிப்பதே பல நாடுகள் கண்ட வழி. கலிபோர்னியாவில் நாளத்தில் இரத்தம் எடுப்பவருக்குத் தனி உரிமம் வேண்டும். அதே மாநிலத்தின் தொழில்சார் சட்டம் மருந்தாளர் நோயாளியை வழக்கமான முறையில் மதிப்பிடும்போது தோலைக் குத்திச் சொட்டு எடுக்கலாம் என்று வெளிப்படையாக எழுதிவைத்திருக்கிறது. பிரான்சில் 2016இல் வந்த அமைச்சு ஆணை விரல்நுனிச் சீனிப் பரிசோதனையை மருந்தாளருக்கு அனுமதித்தது. நோயை அறிவிக்கும் வேலை அவருடையதல்ல. சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் அனுப்புவதே அவருடைய வேலை. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தைத் தமிழர்கள் பலரும் அறிவார்கள். அங்குள்ள சட்டத்தின் பெயரே ஆய்வுகூட மற்றும் மாதிரிச் சேகரிப்பு நிலைய உரிமச் சட்டம். மாதிரி எடுக்கும் இடம் தன்னளவில் உரிமம் பெற வேண்டிய இடம் என்பது பெயரிலேயே தெரிந்துவிடுகிறது. 2022 ஜூலை 1 முதல் அங்கே மருந்தாளர்கள் குளுக்கோஸ், எச்பிஏ1சி, கொழுப்பு, இரத்த உறைவு நேரம் போன்ற குறிப்பிட்ட பரிசோதனைகளை விரல் குத்திச் செய்யலாம். நோக்கம் மருந்தின் பலனைக் கண்காணிப்பது. எந்தப் பரிசோதனை, எந்த நோக்கத்துக்கு என்று எண்ணித் தந்த அனுமதி அது.

இந்தியாவின் கவலை வேறு முனையில் இருக்கிறது. 2017 டிசம்பரில் அங்குள்ள உச்ச நீதிமன்றம் நோய்க்குறியியல் அறிக்கையில் அத்துறையில் முதுநிலைத் தகுதி பெற்ற மருத்துவரே கையொப்பமிட வேண்டும் என்ற நிலைப்பாட்டை உறுதி செய்தது. முடிவுத்தாளின் கீழ்முனைக்குப் பொறுப்பாளி கிடைத்தார். ஊசியின் முனை அப்படியே இருந்தது.

பாமசியும் இரத்தமும் சேர்ந்த இடத்தில் நேர்ந்த பெரும் சீரழிவு அமெரிக்காவில் நடந்தது. தெரனோஸ் என்ற நிறுவனம் விரல்நுனிச் சொட்டிலிருந்தே ஏராளமான பரிசோதனைகளைச் செய்யலாம் என்று சொல்லி, 2013 முதல் வால்கிரீன்ஸ் பாமசிகளுக்குள் இரத்தம் எடுக்கும் நிலையங்களைத் திறந்தது. அரிசோனாவில் மட்டும் 40 கடைகள். 2016இல் நிறுவனமே தன் இயந்திரத்தின் இரண்டாண்டு முடிவுகளைச் செல்லாதவை என்று விலக்கிக்கொண்டது. அந்த ஜூனில் வால்கிரீன்ஸ் உறவை முறித்தது. அடுத்த ஆண்டு அரிசோனா மக்களுக்குப் பணத்தைத் திருப்பிக்கொடுக்க 46.5 இலட்சம் டொலருக்கு இணக்கம் ஏற்பட்டது. நிறுவனர் எலிசபெத் ஹோம்ஸ் 2022 ஜனவரியில் மோசடிக் குற்றவாளி எனத் தீர்ப்பானது. மோசடி ஆய்வுகூடத்தில் நடந்தது. நம்பிக்கை பாமசியின் மேசையில் விற்கப்பட்டது. தெரிந்த கடை, தெரிந்த முகம், வெள்ளை மேலங்கி என்ற மூன்றையும் பார்த்து மக்கள் கையை நீட்டினார்கள். எங்கள் ஊர்களில் அந்த நம்பிக்கை இன்னும் ஆழமானது. "பாமசித் தம்பி" குடும்பத்தில் ஒருவர் மாதிரி.

குளுக்கோமீற்றர் பற்றியும் ஒரு சொல். சர்வதேசத் தர விதி, 100 மில்லிகிராமுக்கு மேலான அளவுகளில் இக்கருவி 15 சதவீதம் மேலோ கீழோ விலகிக் காட்டலாம் என்று ஏற்கிறது. அதாவது 140 என்ற எண்ணுக்குப் பின்னால் 120உம் இருக்கலாம், 160உம் இருக்கலாம். மருந்து எடுப்பவர் தன் போக்கைக் கவனிக்க அது போதும். "உங்களுக்குச் சீனி வருத்தம் இருக்கு" என்று சொல்ல அது போதாது. பட்டிப் போத்தல் திறந்த நாளும் முக்கியம். கடலோர ஈரக்காற்று பட்டிகளைக் கெடுக்கும். குத்தும் பேனாவை இருவருக்குப் பயன்படுத்துவது மஞ்சட்காமாலைக் கிருமியைக் கைமாற்றும். 2010இல் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் இதைக் கடுமையாக எச்சரித்தது, ஊசியை மாற்றினாலும் பேனா ஒருவருக்கே உரியது என்று.

நாளத்தில் எடுக்கும்போது ஆபத்து எடுப்பவருக்கும் உண்டு. கிருமியுள்ள இரத்தம் பட்ட ஊசி குத்தினால், தடுப்பூசி போடாதவருக்கு ஹெப்பற்றைற்றிஸ் பி தொற்றும் வாய்ப்பு 30 சதவீதம்வரை போகும். எச்.ஐ.வி.க்கு அது 0.3 சதவீதம். மருந்துக் கடையில் நிற்கும் இளம் உதவியாளருக்கு அந்தத் தடுப்பூசி போட்டார்களா என்று யார் கேட்கிறார்கள்? எடுத்து முடிந்த ஊசி எங்கே போகிறது? தேசிய சுற்றாடல் சட்டத்தின்கீழ் 2008 பெப்ரவரி 1ஆம் திகதிய 1534/18 இலக்க வர்த்தமானி தொற்றுள்ள மருத்துவக் கழிவைப் பட்டியலிட்ட கழிவாக வகுத்து, கையாளுவதற்கு உரிமம் கேட்கிறது. பிரதேச சபை உழவு இயந்திரத்தில் வீட்டுக் குப்பையோடு ஏறும் ஊசி அந்த வர்த்தமானியை மீறுகிறது. அதன் விலையைக் கொடுப்பவர் வெறுங்கையால் குப்பை அள்ளும் தொழிலாளி.

தவறு நடந்துவிட்டால் நோயாளிக்கு என்ன வழி? இலங்கையில் கவனயீனத்துக்கான இழப்பீடு உரோமன்–டச்சுச் சட்டத்தின்படி தீர்மானமாகிறது. பிரியானி சொய்சா எதிர் ஆர்சகுலரத்ன வழக்கு இதற்கு எல்லைக்கல். ஒரு குழந்தையின் மூளைக் கட்டியைக் கண்டறியத் தவறியது பற்றிய அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001இல் கவனயீனம் நிரூபணமானதாக ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்தக் கவனயீனமே மரணத்துக்குக் காரணம் என்பது நிரூபணமாகவில்லை என்று இழப்பீட்டை மறுத்தது. அங்கே வழக்கு ஒரே மருத்துவர்மீது. இங்கே எடுத்தவர் ஒருவர், கொண்டுபோனவர் இன்னொருவர், இயந்திரத்தில் வைத்தவர் மூன்றாமவர். குழாய் எந்த மணிக்கு எங்கே இருந்தது என்பதற்கு ஒரு வரிகூட எழுத்தில் இல்லாதபோது, காரணத்தை நிரூபிப்பது எப்படி? நேரம் எழுதப்படாத ஒவ்வொரு குழாயும் நோயாளியின் வழக்கை முன்கூட்டியே தோற்கடித்துவிடுகிறது.

இதைத் தீர்க்கும் அறிவு ஏற்கெனவே கையில் இருக்கிறது. மருத்துவ ஆய்வுகூடங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 15189 தரம் மாதிரி எடுப்பதையும் கொண்டுசெல்வதையும் ஆய்வுகூடத்தின் வேலையாகவே நடத்துகிறது. நோயாளிக்கு அருகிலேயே செய்யும் கருவிப் பரிசோதனைகளையும் அதன் 2022ஆம் ஆண்டுப் பதிப்பு உள்ளே சேர்த்துக்கொண்டது. இலங்கைத் தராதர அங்கீகாரச் சபை இத்தரத்தின்படி ஆய்வுகூடங்களுக்கு அங்கீகாரம் அளிக்கிறது. விரும்பியவர்கள் மட்டும் விண்ணப்பிக்கும் அங்கீகாரம் அது. அதிலுள்ள இந்த ஒரு பகுதியை 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒழுங்குவிதியாக்கி, எல்லா ஆய்வுகூடங்களுக்கும் கட்டாயமாக்குவது பெரிய சட்டப் புரட்சி அல்ல.

நான் எதிர்பார்க்கும் ஒழுங்குவிதி இப்படி இருக்கும். விரல்நுனிப் பரிசோதனையைப் பதிவு பெற்ற மருந்தாளர், பயிற்சிக்குப் பிறகு, பெயர் குறிப்பிட்ட சில பரிசோதனைகளுக்காக, தானே நின்று செய்யலாம். முடிவை எண்ணாக எழுதிக்கொடுப்பார், நோயின் பெயரைச் சொல்லமாட்டார். நாளத்தில் எடுப்பது வேறு ஏற்பாடு. பாமசிக்குள் தனித்த, திரையிட்ட இடம் வேண்டும். கிண்ணியா, மூதூர்ப் பெண்களுக்குச் சட்டைக் கையை மடிக்க ஒதுக்கிடமும் முடிந்தவரை பெண் ஊழியரும் தேவை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. விதியில் எழுதினால்தான் நடக்கும். ஊசி ஏற்றுபவர் தாதியாகவோ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராகவோ, அவர்களின் மேற்பார்வையில் பயிற்சி முடித்தவராகவோ இருக்க வேண்டும். அந்த இடம் எந்த ஆய்வுகூடத்தின் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பது தமிழிலும் சிங்களத்திலும் வாசலில் தெரிய வேண்டும். ஊசி தொட்ட நொடியிலிருந்து முடிவுவரை முழுப் பொறுப்பும் அந்த ஆய்வுகூடத்துக்கு. "பாமசிக்காரர் அனுப்பினது, எங்களுக்குத் தெரியாது" என்ற பதில் சட்டப்படி எடுபடக்கூடாது.

சம்மதமும் தமிழில் இருக்க வேண்டும். எந்தப் பரிசோதனை, எங்கே போகிறது, முடிவை யார் பார்ப்பார் என்று எடுக்கும் முன்பு சொல்ல வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைச் சிறப்புப் பாதுகாப்புக்குரிய வகையில் வைத்திருக்கிறது. ஆனால் சிறிய ஊரில் முடிவுத்தாள் கடை மேசையில் திறந்து கிடந்தால், மாலைக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். கலியாணம் பேசும் வீட்டில் அது என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

யார் இதைச் செய்வது என்பதும் சிக்கலானதுதான். 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் சுகாதாரத்தை மாகாணங்களுக்குப் பகிர்ந்தது. கிழக்கு மாகாண சபைக்குத் தன் எல்லைக்குள் நியதிச் சட்டம் இயற்ற இடமிருந்தது. 2017இல் அந்தச் சபை கலைந்த பின் தேர்தல் தள்ளிப்போய்க்கொண்டே வந்திருக்கிறது. ஆகவே இப்போதைக்கு வழி கொழும்பிலுள்ள பேரவையும் சுகாதார அமைச்சும்தான். மாகாணப் பணிப்பாளருக்கு இன்றிருக்கும் அதிகாரத்திலேயே ஒரு தொடக்கம் செய்யலாம். மாவட்டத்தில் எந்தெந்தப் பாமசிகளில் நாளத்தில் இரத்தம் எடுக்கிறார்கள், அவை எந்த ஆய்வுகூடத்துக்கு அனுப்புகின்றன என்ற பட்டியலைத் தயாரித்து, பதிவில்லாதவற்றுக்குத் தவணை கொடுத்துப் பதியச் சொல்வது. சீல் வைத்து மூடிவிட்டால் வெருகலில் இருப்பவர் பழையபடி விடியற்காலை பஸ்ஸுக்குத்தான் நிற்பார். அல்லது பரிசோதனையே செய்யாமல் இருந்துவிடுவார். பதிவுக் கட்டணம் சிறிய கடைக்குத் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். பட்டினத்து ஆய்வுகூடம் குருதிநீரைப் பிரிக்கும் சிறிய சுழற்சி இயந்திரத்தை வெருகல், ஈச்சிலம்பற்று, பதவி ஸ்ரீபுர போன்ற தொலைவான சேகரிப்பு இடங்களில் வைக்க வேண்டும் என்று பதிவின் நிபந்தனையாகவே கேட்கலாம். எடுத்த சிறிது நேரத்திலேயே அங்கே பிரித்துவிட்டால் சீனியும் பொட்டாசியமும் பயணத்தில் பொய்யாவது பெரும்பாலும் நின்றுவிடும். மீதியை முடிவுத்தாளின் தலைப்பில் அச்சிடும் இரண்டு நேரங்கள் காட்டிக்கொடுக்கும்: எடுத்தது எத்தனை மணிக்கு, பிரித்தது எத்தனை மணிக்கு.